கதவுக்கு மேலே ஒரு பெயர்

இங்கிலாந்தின் பழைய கிராமத்து விடுதிகளைப் படம் எடுத்துத் தபால் அட்டையாக விற்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. 1900-க்கும் 1914-க்கும் இடையில் எடுத்த படங்கள் நிறையவே கிடைக்கின்றன. நாலைந்து பார்த்துவிட்டால் போதும், அப்புறம் எல்லாமே ஒரே மாதிரி தெரியும். மீசை வைத்த ஒரு மனிதர் வாசலில் நிற்பார். பக்கத்தில் ஏப்ரன் கட்டிய ஒரு பெண்மணி. இரண்டு மூன்று பிள்ளைகள், ஒரு நாய். சில படங்களில் ஒரு வயதான பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

கதவுக்கு மேலே ஒரு சின்னப் பலகை இருக்கும். அதில் ஒரு ஆள் பெயர், என்னென்ன விற்க அவருக்கு உரிமம் இருக்கிறது என்ற விவரம். இது அலங்காரத்துக்கு வைத்தது இல்லை, சட்டப்படி எழுதியே ஆகணும். எழுதாவிட்டால் அபராதம்.

பலகையில் ஒரே ஒரு பெயர்தான். ஆனால் படத்தில் ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். இந்தக் குறிப்பு அந்த மீதிப் பேரைப் பற்றியது.

சத்திரமும் ஆயக்காரரும்

முதலில் ஒரு சொல் விளக்கம். ஆங்கிலத்தில் 'இன்' என்பதைத் தமிழ் பைபிள் 'சத்திரம்' என்கிறது. நம்ம சத்திரம் பெரும்பாலும் தர்மத்துக்குக் கட்டியது. இங்கிலாந்து 'இன்' வியாபாரம். படுக்கை, சாப்பாடு, குதிரைக்கு லாயம், குடிக்க பீர், எல்லாத்துக்கும் காசு. ஆனாலும் அந்த ஊர்ப் பொதுச்சட்டம் அதற்கு ஒரு கடமையை வைத்திருந்தது. இடம் இருந்து, வருகிற பயணி ஒழுங்காக நடந்துகொண்டு, காசும் கொடுக்கத் தயாராக இருந்தால், நியாயமான காரணம் இல்லாமல் அவரைத் திருப்பி அனுப்பக்கூடாது. வெறும் பீர்க்கடைக்கு இந்தக் கடமை கிடையாது.

விடுதிக்காரருக்கு ஆங்கிலத்தில் 'பப்ளிக்கன்' என்று ஒரு பெயர் உண்டு. அதே சொல் ஆங்கில பைபிளில் வரும்போது தமிழில் 'ஆயக்காரன்' ஆகிவிடும், அதாவது வரி வசூலிப்பவர். ரோமானியர் காலத்துச் சொல் ஒன்று எப்படியோ மதுக்கடைக்காரர் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. ரொம்பத் தப்பான பொருத்தம் என்றும் சொல்லமுடியாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

19-ஆம் நூற்றாண்டில் இந்தக் கடைகள் ஏகத்துக்கும் பெருகின. 1830-இல் ஒரு சட்டம் வந்தது. வரி செலுத்தும் எந்த வீட்டுக்காரரும் வருஷத்துக்கு 2 கினி கட்டி, தன் வீட்டிலேயே பீர் விற்கலாம், மாஜிஸ்ட்ரேட் அனுமதி தேவையில்லை. தச்சர், கொல்லர், விவசாயி என்று பலரும் வீட்டு முன்னறையைக் கடையாக்கினார்கள். 1869-இல் அரசு விழித்துக்கொண்டு இவர்களை மறுபடி மாஜிஸ்ட்ரேட்டுகளின் கைக்குள் கொண்டுவந்தது. அதற்குள் வீடும் கடையும் ஒன்றாகிப்போன ஒரு வாழ்க்கைமுறை ஆயிரக்கணக்கான கிராமங்களில் வேரூன்றிவிட்டது.

16 மணி நேரம்

1874 சட்டப்படி கிராமப்புறக் கடைகள் வேலை நாட்களில் காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணிவரை திறந்திருக்கலாம். மொத்தம் 16 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியம் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். (வேல்ஸில் 1881-க்குப் பிறகு ஞாயிறு முழுக்க மூடல்.)

இந்த 16 மணி நேரமும் கடையில் யார் இருந்தது? பலகையில் பெயர் உள்ளவரா? சின்ன ஊர் என்றால் பெரும்பாலும் இல்லை. கிராமத்து பீர் வியாபாரத்தை மட்டும் நம்பி ஒரு குடும்பம் பிழைப்பது கஷ்டம். கெல்லி நிறுவனம் வெளியிட்ட அந்தக் கால ஊர் விவரப் புத்தகங்களைப் புரட்டினால் தெரியும். 'விடுதிக்காரர், விவசாயி', 'விடுதிக்காரர், கொல்லர்', 'விடுதிக்காரர், வண்டிக்காரர்' என்று ஒரே ஆளுக்கு இரண்டு தொழில் போட்டிருக்கும். பகலில் அவர் வயலிலோ பட்டறையிலோ இருப்பார். கடையைப் பார்த்துக்கொண்டது மனைவியும் மூத்த பெண்ணும்தான்.

காலையில் முதல் வேலை, முந்தின நாள் மரத்தூளைக் கூட்டி அள்ளிவிட்டுப் புதுசு தூவுவது. பிறகு எச்சில் படிக்கங்களைக் காலி செய்து கழுவணும். கணப்பு அடுப்பில் சாம்பல் அள்ளி நெருப்பு மூட்டணும். மண்ணெண்ணெய் விளக்குகளின் கண்ணாடியில் படிந்த கரியைத் துடைக்கணும். தண்ணீரைக் கைப்பம்பிலிருந்து வாளியில் தூக்கி வரணும். இரவு யாராவது தங்கியிருந்தால் அவர்களுக்குக் காலைச் சாப்பாடு, சூடு தண்ணீர், படுக்கை விரிப்பு மாற்றுவது. இதெல்லாம் முடிவதற்குள் முதல் வாடிக்கையாளர் வந்துவிடுவார்.

சினிமாவில் பார்க்கிற நீளமான கவுன்ட்டர், பித்தளைக் கைப்பிடி எல்லாம் பல கிராமத்து விடுதிகளில் இல்லவே இல்லை. முன்னறையில் மர பெஞ்சுகள் இருக்கும். பீப்பாய் நிலவறையிலோ சமையலறைக்குப் பின்னாலோ இருக்கும். கேட்கிறவருக்குக் கேட்கும்போது போய், பீப்பாயில் ஜாடியைப் பிடித்து நிரப்பி, எடுத்துவந்து ஊற்றணும். ஒரு முழு பீப்பாய் 36 காலன், அதாவது 288 பைன்ட். அது காலியாகும்வரை அத்தனையும் ஜாடி ஜாடியாக நடந்தே வந்தாகணும். பீரும் சும்மா நிற்கிற சரக்கு இல்லை. வண்டியில் குலுங்கி வந்த பீப்பாயைச் சாய்ப்பில் ஏற்றி, கசடு தெளியவிட்டு, குழாய் அடித்து, காற்றுப் போக்கு பார்த்து வைக்கணும். அவசரப்பட்டால் கலங்கும், தாமதித்தால் புளிக்கும். இந்தக் கைப்பக்குவத்தைப் பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்தே கற்றார்கள்.

ஊருக்கே முன்னறை

கிராமத்தில் பத்து பேர் கூடி உட்கார வேற இடம் இல்லை. அதனால் எல்லாமே இங்கேதான். ஆட்ஃபெல்லோஸ், ஃபாரஸ்டர்ஸ் மாதிரியான பரஸ்பர உதவிச் சங்கங்கள் விடுதி மாடியில் கூடும். தொழிலாளர்கள் வாராவாரமோ மாதாமாதமோ சில பென்னி கட்டினால், உடம்பு முடியாமல் போனால் உதவித்தொகை, செத்தால் அடக்கச் செலவு. விடுதிக்காரர் சில இடங்களில் அறைக்கு வாடகை வாங்கமாட்டார். பதிலுக்கு உறுப்பினர்கள் இவ்வளவு பீர் குடிக்கணும் என்று ஓர் ஏற்பாடு. அதற்கு 'ஈர வாடகை' என்றே பெயர். வருஷத்துக்கு ஒருநாள் சங்க விருந்து நடக்கும். நூறு பேருக்குச் சாப்பாடு என்றால் சமைப்பது யார் என்று சொல்லவேண்டியதில்லை.

நிலம் ஏலம் இங்கே நடக்கும். ஜமீன்தார் மாதிரியான நிலச்சுவான்தார்களின் குத்தகை வசூல் விருந்தும் இங்கேதான். ஊரில் யாராவது சந்தேகமான முறையில் இறந்தால் மரண விசாரணைகூட விடுதியில்தான். வேறு பொருத்தமான இடம் இருந்தால் மதுக்கடையில் விசாரணை கூடாது என்று 1902 சட்டம் சொன்னது. அதுவரை பிள்ளைகள் தூங்குகிற வீட்டில் பிணம் கிடப்பது சகஜமாக இருந்தது என்று இதிலிருந்தே தெரிகிறது.

கடன் விஷயம் இன்னும் சிக்கல். கூலி வாரக் கடைசியில்தான் வரும், தாகம் புதன்கிழமையே வந்துவிடும். சிலேட்டில் எழுதிவைப்பார்கள். ஆனால் கடையில் உட்கார்ந்து குடித்த பீருக்கான கடனை எந்தக் கோர்ட்டிலும் வசூலிக்க முடியாது என்று 1888 கவுன்ட்டி கோர்ட் சட்டம் தெளிவாகவே சொல்லியிருந்தது. சிலேட்டில் உள்ள எழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை. யாருக்குக் கொடுக்கலாம், யாரிடம் எப்போது கேட்கலாம், கேட்டால் அவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரா, இதெல்லாம் மனுஷங்களைப் படிக்கிற வேலை. வாடிக்கையாளரின் மனைவியும் இவங்களும் ஒரே கடையில் ரொட்டி மாவு வாங்குகிறவர்கள் என்பதையும் சேர்த்து யோசிச்சுப் பாருங்க.

பறிபோகக்கூடிய வீடு

உரிமம் ஒரு வருஷத்துக்குத்தான். ஆண்டுதோறும் மாஜிஸ்ட்ரேட்டுகள் கூடிப் புதுப்பிப்பார்கள். கடையில் யாராவது போதையில் இருக்க அனுமதித்ததாக நிரூபணமானால் முதல் தடவை 10 பவுண்டு வரை அபராதம், அடுத்த தடவை 20 வரை. பணியில் இருக்கிற போலீஸ்காரருக்கு ஊற்றிக்கொடுத்தால் குற்றம். நேரம் கடந்து ஊற்றினால் குற்றம்.

இதில் ஒரு விசித்திரமான விலக்கு இருந்தது. முந்தின இரவு தங்கிய இடத்திலிருந்து 3 மைல் தாண்டி வந்த உண்மையான பயணிக்கு மூடிய நேரத்திலும் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் யாரோ கதவைத் தட்டி "நான் பயணி" என்கிறார். உண்மையா? விடுதிக்காரர் நல்லெண்ணத்தோடு நம்பினார், தக்க எச்சரிக்கையோடு விசாரித்தார் என்று காட்டினால் தப்பிக்கலாம். ஆனால் கதவைத் திறந்து அந்த ஆளின் செருப்புத் தூசியைப் பார்த்து ஒரு நிமிஷத்தில் முடிவெடுத்தது பல நேரம் மனைவியோ மகளோதான். தப்பானால் கோர்ட்டில் நிற்பது பலகையில் உள்ள பெயர்.

தண்டனை விழுந்தால் புதுப்பிப்பு கஷ்டம். உரிமம் போனால் வேலை மட்டும் போகாது, வீடே போகும். அந்தக் காலத்தில் பெரும்பாலான கடைகள் பீர் தயாரிக்கும் கம்பெனிகளுக்குச் சொந்தம். விடுதிக்காரர் வாடகைக்கு இருப்பவர். அந்தக் கம்பெனியின் பீரையே வாங்கணும் என்பது ஒப்பந்தம்.

தப்பே செய்யாவிட்டாலும் ஆபத்து இருந்தது. ஊருக்குத் தேவைக்கு மேல் கடைகள் இருக்கின்றன என்று கருதினால், நஷ்டஈடு கொடுத்து உரிமத்தை ரத்து செய்யலாம் என்று 1904 சட்டம் வழிசெய்தது. நஷ்டஈட்டுப் பணம் மதுக்கடைகளிடமிருந்தே வசூலிக்கப்பட்டது. அதில் பெரும்பங்கு கட்டடச் சொந்தக்காரரான கம்பெனிக்குப் போனது. உள்ளே இருபது வருஷம் ஜாடி தூக்கிய குடும்பத்துக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். முதல் உலகப்போருக்கு முன்பே ஆயிரக்கணக்கான கடைகள் இப்படி மூடப்பட்டன.

ஓக்கம் வழக்கு

இந்தப் பயத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரு பிரபலமான வழக்கைப் பார்க்கலாம். 1898 அக்டோபர், சர்ரே மாவட்டத்தில் ஓக்கம் என்ற கிராமம். சைக்கிள் மோகம் உச்சத்தில் இருந்த காலம். ரயில் வந்தபிறகு வெறிச்சோடிப்போன சாலையோர விடுதிகளுக்கு சைக்கிள்காரர்கள்தான் மறுபடி உயிர் கொடுத்தார்கள். லேடி ஹார்பர்டன் என்ற பிரபு குடும்பத்துப் பெண்மணி தொளதொள கால்சட்டை போட்டு சைக்கிளில் வந்து, ஹாட்பாய் என்ற விடுதியில் மதிய உணவு கேட்டார். பெண்களுக்கு வசதியான உடை வேண்டும் என்று இயக்கம் நடத்தியவர் அவர். விடுதியை நடத்தியவர் மார்த்தா ஜேன் ஸ்ப்ரேக் என்ற பெண். "அந்த உடையில் காஃபி அறைக்குள் விடமுடியாது, பார் பக்கத்து அறையில் வேண்டுமானால் சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டார். அங்கே ஆண்கள் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தார்கள். லேடி ஹார்பர்டன் கிளம்பிவிட்டார்.

சைக்கிள் பயணிகள் சங்கம் வழக்குப் போட்டது. பயணியை மறுத்தார் என்பது குற்றச்சாட்டு. 1899-இல் விசாரணை நடந்தது. ஜூரி ஸ்ப்ரேக் அம்மையாரைக் குற்றமற்றவர் என்றது. அவர் மறுக்கவில்லை, வேறு அறை கொடுத்தார் என்பதுதான் வாதம்.

பெண்ணுரிமை வரலாற்றில் இந்த வழக்கு வரும்போதெல்லாம் கதாநாயகி லேடி ஹார்பர்டன்தான். நியாயமும் அவர் பக்கம்தான் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் இந்தக் குறிப்புக்காகப் படித்தபோது கண் இன்னொரு பெண் மேலேயே போனது. ஒருவர் ஒரு கொள்கைக்காக வந்தவர், தோற்றால் வீட்டுக்குப் போய் அடுத்த கூட்டம் போடலாம். இன்னொருவர் தோற்றால் அடுத்த உரிமக் கூட்டத்தில் மாஜிஸ்ட்ரேட்டுகள் முன்னால் அந்தத் தீர்ப்போடு நிற்கணும். இரண்டு பேரும் பெண்கள், ஆனால் இழக்க இருந்தது ஒரே அளவு இல்லை.

படிவத்தில் எங்கே எழுதுவது?

விதவைகளும் மணமாகாத பெண்களும் தங்கள் பெயரிலேயே உரிமம் வைத்திருக்கலாம். கணவர் இறந்து விதவை கடையைத் தொடர்ந்து நடத்துவது சாதாரணமாக நடந்தது. கணவர் உயிரோடு இருந்தால் பெரும்பாலும் பெயர் அவருடையதுதான். நேற்றுவரை பதிவில் இல்லாத ஒரு பெண், கணவரின் அடக்கம் முடிந்ததும் திடீரென்று முழுத் திறமையுள்ள விடுதிக்காரியாகப் பதிவில் தோன்றுவார். அந்தத் திறமை ஒரே ராத்திரியில் வந்ததா என்ன?

1911 ஏப்ரல் 2-ஆம் தேதி இரவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இந்தத் தடவை குடும்பத் தலைவர் தன் கையால் நிரப்பிய படிவங்களே இன்றுவரை பாதுகாக்கப்பட்டுள்ளன. விடுதியில் அன்றிரவு தங்கியவர்களும் அதில் வரணும். தொழில் என்ற கட்டத்துக்கு ஒரு விதி. வீட்டு வேலை மட்டும் செய்கிற மனைவி, மகளுக்கு எதுவும் எழுதவேண்டாம். குடும்பத் தொழிலில் உதவுகிறவர்களுக்கு அதை எழுதணும். பல படிவங்களில் விடுதிக்காரரின் மனைவி பெயருக்கு எதிரே 'தொழிலில் உதவி' என்று இருக்கிறது. பலவற்றில் வெறும் கட்டம்.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. ஒரே பானையில் சூப் கொதிக்கிறது. அதில் பாதி தங்கியிருக்கிற வியாபாரிக்கு, பாதி தன் பிள்ளைகளுக்கு. இது வீட்டு வேலையா, தொழிலா? திங்கட்கிழமை துவைக்கிற துணியில் விருந்தாளியின் விரிப்பும் இருக்கிறது, குழந்தையின் சட்டையும் இருக்கிறது. எதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கணக்கெடுப்புக்காரர்கள் வீட்டையும் கடையையும் பிரிக்க ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோடு இந்த வீடுகளின் சமையலறை நடுவே போனது.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டத்துக்கு அந்தக் குழப்பம் இருக்கவில்லை. 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் கடை நேரத்தில் பாருக்குள் இருக்கக்கூடாது என்று 1908 குழந்தைகள் சட்டம் தடைபோட்டது. ஆனால் உரிமக்காரரின் சொந்தப் பிள்ளைகளுக்கு விலக்கு. வேறென்ன செய்யமுடியும், அது அவர்கள் வீடாச்சே. ஊர்ப் பிள்ளைகள் வாசலோடு நிற்க, விடுதிக்காரர் பிள்ளைகள் பெரியவர்களின் சண்டை, பாட்டு, அழுகை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வளர்ந்தார்கள்.

போர் வந்தது

1914 ஆகஸ்டில் போர். நவம்பரில் பீர் வரி பீப்பாய்க்கு 7 ஷில்லிங் 9 பென்னியிலிருந்து 23 ஷில்லிங்காக ஏறியது. 1920-இல் அது 100 ஷில்லிங். இப்போது அந்த 'ஆயக்காரன்' என்ற பெயரை நினைத்துப் பாருங்கள். வரியைக் கட்டுவது பீர் கம்பெனி. ஆனால் ஒவ்வொரு குவளையிலும் அதை வசூலித்து, விலை ஏன் ஏறியது என்று திட்டு வாங்கியது முன்னறையில் நின்றவர்கள்.

1915-இல் மதுவைக் கட்டுப்படுத்த ஒரு மத்திய வாரியம் அமைந்தது. அதன் ஆணை வந்த பகுதிகளில் கடை நேரம் ஒரு நாளைக்கு ஐந்தரை மணி நேரமாகச் சுருங்கியது. மதியம் இரண்டரை மணி, மாலையில் மூன்று மணி. ஒருவர் இன்னொருவருக்கு வாங்கிக்கொடுப்பதற்கும் தடை. கார்லைல் வட்டாரத்தில் 1916-இல் அரசே கடைகளை எடுத்துக்கொண்டது, அந்த ஏற்பாடு 1973 வரை நீடித்தது. அதே 1916-இல் கட்டாய ராணுவ சேவை, மே மாதத்திலிருந்து மணமானவர்களுக்கும். கணவர் பிரான்ஸில், பெயர் கதவுக்கு மேலே, கடை மனைவி கையில் என்ற நிலை பல ஊர்களில்.

வருமானம் அடிபட்டது உண்மை. ஆனால் இன்னொன்றும் நடந்தது. 16 மணி நேரம் திறந்திருந்த வீட்டின் கதவு முதல்முறையாகப் பிற்பகலில் சட்டப்படி மூடியது. 1921 சட்டம் அந்தப் பிற்பகல் இடைவெளியை நிரந்தரமாக்கியது, 1988 வரை அது இருந்தது. குடிகாரர்களைக் கட்டுப்படுத்தப் போட்ட சட்டம் இது. விடுதிக்காரக் குடும்பத்துக்கு ஓய்வு கொடுக்கணும் என்று யாரும் நினைக்கவில்லை. இருந்தாலும் கிடைத்தது. தினமும் ரெண்டு மூணு மணி நேரம் அந்த முன்னறை வீட்டுக்காரர்களுக்கே சொந்தம்.

ஃபிளாஸி

இந்த வாழ்க்கையின் கடைசிச் சாட்சிகளில் ஒருவர் நம் காலம்வரை இருந்தார். ஹெரஃபோர்ட்ஷயரில் லென்ட்வர்டைன் என்ற கிராமத்தில் 'சன் இன்' என்று ஒரு விடுதி. ஃபிளாஸி லேன் 1914-இல் அங்கேயே பிறந்தார். பெற்றோர் நடத்தினார்கள், பிறகு சகோதரரோடு சேர்ந்து இவர், சகோதரர் இறந்தபிறகு இவரே. 2009-இல் 94 வயதில் இறக்கும்வரை அது அவர் வீடாகவும் கடையாகவும் இருந்தது. கவுன்ட்டர் கிடையாது. பீப்பாய் இருந்தது சமையலறையில். வருகிறவர்கள் முன்னறைப் பெஞ்சுகளில் உட்கார்வார்கள். பிரிட்டனின் மிக வயதான விடுதிக்காரி என்று பத்திரிகைகள் எழுதின.

டார்செட்டில் வர்த் மாட்ராவர்ஸ் கிராமத்தின் 'ஸ்கொயர் அண்ட் காம்பஸ்' விடுதி 1907-லிருந்து ஒரே நியூமன் குடும்பத்தின் கையில் இருக்கிறது. அங்கேயும் கவுன்ட்டர் இல்லை, ஒரு சின்ன ஜன்னல் வழியாகத்தான் பீர் வரும். இப்போது இதையெல்லாம் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அழகான பழமை என்கிறார்கள். அழகுதான். ஆனால் கவுன்ட்டர் இல்லை என்றால் ஒவ்வொரு குவளைக்கும் யாரோ எழுந்து நடக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்த தடவை அந்த மாதிரி ஒரு பழைய தபால் அட்டை கண்ணில் பட்டால், பலகையைப் படித்துவிட்டு அப்படியே நிறுத்திவிடாதீர்கள். கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். அந்த ஏப்ரன் கட்டிய பெண்மணி கையைத் துடைத்தபடியே படத்துக்கு வந்து நின்றதுபோல இருக்கும். உள்ளே அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்திருக்கும்.